மாமாவின் விளையும் என் வலது கையும்

ஒழுங்காக உட்கார்ந்து ஜெபம் செய்ததால் ஒரு மனிதரின் சொத்தையே அழித்தவர்கள் யார் யார் என்று எப்போதாவது கணக்கெடுத்தால், கன்னியாகுமரி மாவட்டத்தில் என் பெயர் ஒன்றுதான் வரும். திருடவில்லை, ஏமாற்றவில்லை, கள்ளக் கையெழுத்துப் போடவில்லை. கண்ணை மூடினேன், ஆமென் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது ஒரு தோட்டமும் ஒரு பசுமாடும் எட்டு வருஷ உழைப்பும் போயிருந்தன.

சொத்து என்றதும் பத்திரம், பட்டா என்று நினைக்க வேண்டாம். அது ஒரு கேம் கேசட். தீப்பெட்டியைத் தட்டையாக அமுக்கி இரண்டாக ஒட்டிவைத்த அளவு இருக்கும். உள்ளங்கையில் அடங்குகிற வீடியோ கேம் மெஷினின் முதுகில் சொருகி விளையாடுவது. அதற்குள்தான் என் மாமனாரின் தோட்டம் இருந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எங்கள் வீட்டில் ஏழு வருஷமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், நீங்கள் மட்டும் என்ன பாவம் செய்தீர்கள்.

முதலில் என் வலது கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குற்றவாளி அதுதான்.

நான் முட்டத்துக்காரி. அப்பாவுக்கு வள்ளம், அம்மாவுக்கு மீன் வியாபாரம். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். சாப்பிட உட்கார்ந்தால் குருசு, அதாவது சிலுவை வரைவோம், பஸ் ஏறினால் குருசு, மாதா குருசடியைத் தாண்டினால் குருசு, கொட்டாவி விட்டால்கூட வாய்க்கு நேரே கட்டைவிரலால் குட்டியாக ஒரு குருசு. நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். யாரும் யோசித்துச் செய்வதில்லை. கண் இமைக்கிறதை யோசித்தா செய்கிறோம்?

கட்டிக்கொண்டு போனது திங்கள்நகர் பக்கத்தில் ஒரு சபைக்காரக் குடும்பத்துக்கு. மிஷன் காலத்துப் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். நாகர்கோவிலில் ஒரே கட்டடத்தில் மேல்மாடி இன்சூரன்ஸ் ஆபீசில் என் வீட்டுக்காரர் ஜெபசிங்குக்கு வேலை, கீழ்மாடி மொபைல் சர்வீஸ் கடையில் எனக்கு வேலை. கிணற்றில் விழுந்த போனைக் கொண்டுவந்தார். சரிசெய்து கொடுத்தேன். அடுத்த மாதம் வாளியில் விழுந்த போனைக் கொண்டுவந்தார். அதற்கடுத்த மாதம் போன் எதிலும் விழாமலேயே வந்தார். (அந்த ஆளுக்குக் காதலைச் சொல்லத் தெரியாமல் இரண்டு போன் தண்ணீரில் விழ வேண்டியிருந்தது.) இரண்டு வீட்டிலும் ஆறு மாதம் அடிபிடி. கடைசியில் அவர்கள் சபையில் வைத்துக் கல்யாணம் என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்த முதல் நாளே மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். மாமி கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

"எங்க வீட்டுல குருசு வரையுத பழக்கம் இல்ல மக்கா. நீ தப்பா நினைக்காத, கேட்டியா. சபையில நாலு பேரு பாத்துக்கிட்டு இருப்பாவ."

"சரி மாமி" என்றேன். சேலைக் கட்டை மாற்றினேன், மீன்குழம்பில் புளியின் அளவை மாற்றினேன், பேச்சில் கடப்புறத்து இழுப்பைக் குறைத்தேன். கை மட்டும் பேச்சு கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். ஆமென் என்ற சத்தம் காதில் விழுந்த உடனே வலது கை தானாக நெற்றிக்குக் கிளம்பும். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஜெபத்துக்கு உட்காரும்போதே வலது கையின் மேல் உட்கார்ந்துவிடுவேன். பதினோரு மாதம் இப்படி என் கையை நானே சிறைவைத்துத்தான் கர்த்தரைத் துதித்தேன். எழுந்திருக்கும்போது ஐந்து விரலும் மரத்துப் போயிருக்கும். மருமகள் ஆடாமல் அசையாமல் இருக்கிறாளே என்று மாமிக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

மாமாதான் ஜெபம் பண்ணுவார். எல்லாருக்காகவும் பெயர் சொல்லிப் பண்ணுவார். சவுதியில், தம்மாமில் இருக்கிற மூத்த மகன், அவர் மனைவி, பிள்ளை, பெங்களூரில் இருக்கிற மகள் ஜாஸ்மின், அவள் மாப்பிள்ளை, போதகர், நாட்டை ஆளுகிறவர்கள், மேற்கு வீட்டில் கால் ஒடிந்து கிடக்கிற கிழவர். எல்லாப் பெயரும் வரும். என் பெயர் வராது. கடைசியில் "எங்கள் பிள்ளைகள் யாவரையும்" என்று ஒரு வார்த்தை வரும். அந்த யாவரில் ஒரு ஓரமாக நானும் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். தெருவில் எனக்குப் பெயர் "கடப்புறத்துப் பிள்ளை", கடற்கரைக்காரி என்று அர்த்தம். வீட்டிலும் நான் காதில் விழாத தூரத்தில் இருந்தால் அதேதான். எனக்கு அது எவ்வளவு வலித்தது என்று அப்போது யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், நன்றாக வலித்தது.

இனி மாமாவின் விளைக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் விளை என்றால் தென்னையும் வாழையும் மரச்சீனியும் நிற்கிற தோட்டம். மாமா கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டில் கண்காணியாக இருந்தவர். வாழ்நாள் பூராவும் சர்க்கார் மரத்தில் பால் வடிவதைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு, சொந்தமாக வீட்டுக்குக் கிழக்கே ஒரு விளை இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மண்வெட்டியோடு அதில் இறங்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. ஓய்வு பெற்ற வருஷமே ஜாஸ்மினுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்க இங்கே என்னென்ன கொடுக்க வேண்டும் என்று எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். விளை போயிற்று. கட்ட இடமில்லை என்று லில்லி என்ற பசுமாடும் போயிற்று. விளையை வாங்கினவர் தென்னைகளை முறித்துத் தள்ளிவிட்டு அங்கே ஒரு கல்யாண மண்டபம் கட்டினார். (பெண்ணின் கல்யாணத்துக்காக விற்ற இடத்தில் கல்யாண மண்டபம். நான் ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை, நடந்ததே அப்படித்தான்.) அன்றிலிருந்து மாமா ஜங்ஷனுக்குப் போக வேண்டுமென்றால் மண்டபத்தைப் பார்க்காமல் குளத்தைச் சுற்றித்தான் போவார்.

அதே வருஷம், இரண்டாயிரத்து நாலு, மூத்த மகன் தம்மாமிலிருந்து லீவில் வந்தபோது தன் பிள்ளைக்காக ஒரு பழைய கேம் மெஷினும் ஒரு கேசட்டும் கொண்டுவந்தாராம். பிள்ளைக்குத் துப்பாக்கி விளையாட்டு வேண்டும். இது என்னடாவென்றால் ஒரு குட்டி மனிதன் மண்வெட்டியோடு நிற்கிறான். கல்லைப் பொறுக்க வேண்டும், மண்ணைக் கொத்த வேண்டும், விதை போட வேண்டும், தண்ணீர் விட வேண்டும், மாட்டைத் தடவிக்கொடுக்க வேண்டும். பிள்ளை நான்கு நாளில் தூக்கிப் போட்டுவிட்டது. மாமா எடுத்துப் பார்த்திருக்கிறார்.

"இதுல என்னடே செய்யணும்?"

"தோட்டம் போடணும்பா" என்றாராம் மகன்.

அவ்வளவுதான். எட்டாம் வகுப்பு இங்கிலீஷை வைத்துக்கொண்டு மாமா அந்தத் தோட்டத்தில் இறங்கிவிட்டார். தோட்டத்துக்குப் பெயர் கேட்டது மெஷின். VILAI என்று முழுசாக அடிக்க இடமில்லை, நாலெழுத்துதான் கொடுத்தது. VILA என்று வைத்தார். மாட்டுக்கு LILY. அதற்குச் சரியாக நாலெழுத்து.

நான் அந்த வீட்டுக்குப் போகும்போது அந்த விளைக்கு வயது ஏழு தாண்டியிருந்தது. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் மாமா மேற்கு ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். வாரம் இரண்டு தடவை மெஷினுக்கு செல் மாற்றுவார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பாயசம் வருவதற்கு முன்பே எழப் பார்ப்பார்.

"எங்கய்யா ஓடுதீரு?" என்று பக்கத்து இலைக்காரர் கேட்பார்.

"மாட்டுக்கு வெள்ளம் காட்டணும்."

"உமக்கு மாடு உண்டா?"

"உண்டு" என்பார் மாமா, முகத்தில் எந்த வித்தியாசமும் இல்லாமல். மாமி மேசைக்கடியில் காலை மிதிப்பார்கள்.

"நீ சாப்பிட்டியான்னு எங்கிட்ட என்னைக்காவது கேட்டதுண்டா இந்த மனுஷன்? அந்த டப்பாவுக்குள்ள கெடக்க மாட்டுக்கிட்ட தெனமும் கேக்குதாரு" என்று மாமி என்னிடம் புலம்புவார்கள். ஆனால் மாமா விளையாடுகிற நேரத்தில் அவரைக் கூப்பிட யாரையும் விடமாட்டார்கள்.

ஒரு நாள் மாமா மெஷினோடு அடுப்பங்கரைக்கே வந்துவிட்டார். கேசட்டில் இரண்டு பேர் தனித்தனியாகத் தோட்டம் போட இடம் உண்டு. ஒன்று மாமாவுடையது. இன்னொன்று பேரன் நான்கு நாள் விளையாடிவிட்டுப் போனது. பேரனுடையது அழிந்திருந்தது.

"ஷீபா, அவனுக்க தோட்டத்தக் காணல்ல. நான் ஒண்ணும் தொடல்ல மக்கா."

என் பதினோரு மாத வாழ்க்கையில் அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் அப்போதுதான் முதன்முதலாக வந்தது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ என்று கல்யாணப் பத்திரிகையில் போட்டதோடு சரி, அதற்கப்புறம் நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டுதான் இருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன் பாருங்கள், பெரிய சயின்டிஸ்ட் மாதிரி.

கேசட்டின் திருகாணி சாதாரண ஸ்க்ரூடிரைவருக்கு வராது. பேனாவின் பிளாஸ்டிக் குழாயைத் தீயில் காட்டி, இளகினதும் திருகாணி மேல் வைத்து அழுத்தி, ஆறவிட்டுத் திருகினேன். திறந்தது. உள்ளே பட்டன் பேட்டரி ஒன்று. மீட்டரை வைத்துப் பார்த்தால் மூன்று வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சொச்சம். இந்த வகைக் கேசட்டில் நாம் விளையாடி வைத்ததெல்லாம் அந்தப் பேட்டரி கொடுக்கிற துளி கரண்டில்தான் நிற்கிறது. பேட்டரி செத்தால் எல்லாம் போய்விடும். பழசை எடுத்துவிட்டுப் புதுசு போட்டாலும், இடைப்பட்ட அந்த நேரத்தில் போய்விடும். பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்ததில் வழி கிடைத்தது. வெளியிலிருந்து இரண்டு டார்ச் செல்லின் கரண்டை வயர் மூலம் கொடுத்துக்கொண்டே பேட்டரியை மாற்ற வேண்டும். வயர் மட்டும் விலகக் கூடாது.

சாப்பாட்டு மேசையில் இதையெல்லாம் விளக்கினேன். மாமா தட்டில் கையை வைத்தபடியே கேட்டார்.

"அப்படியே விட்டா எத்தன நாளு நிக்கும்?"

"சொல்ல முடியாது மாமா. ஒரு வாரமும் நிக்கலாம், நாளைக்கே போகவும் செய்யலாம்."

"மாத்தும்போ போயிராதே?"

"போகாது."

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். மறுபடியும் கேட்டார். "போயிராதே மக்கா?"

"நான் கேரண்டி மாமா" என்றேன்.

அந்த வார்த்தையை இன்றைக்கும் யாராவது கடையில் சொன்னால் எனக்குக் காது கூசும்.

ஒரு சனிக்கிழமை குறித்தோம். அந்த வருஷம் கரண்டு போகிற நேரத்தைத்தான் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருந்தோம். எங்கள் ஏரியாவுக்குச் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு. ஆறு மணிக்குக் கரண்டு வந்தது. மாமா கடைசியாக ஒரு தடவை விளையைச் சுற்றிப் பார்த்து, பறித்ததையெல்லாம் விற்று, சேமித்து, மெஷினை அணைத்துக் கேசட்டை என்னிடம் கொடுத்தார்.

"லில்லிய தொழுத்துல கெட்டிட்டேன்" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் வீட்டைப் பூட்டிச் சாவி கொடுக்கிற மாதிரி இருந்தது.

சாப்பாட்டு மேசையில் வேலையைத் தொடங்கினேன். டார்ச் செல் இரண்டு, கறுப்பு வயர், சிவப்பு வயர். வீட்டில் இன்சுலேஷன் டேப் ஒரு விரல் நீளம்தான் மிச்சம் இருந்தது. மீதியெல்லாம் மாமா ஹோஸ் பைப்பில் சுற்றிவிட்டார். அது கறுப்பு வயருக்குச் சரியாகப் போயிற்று. சிவப்பு வயரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளலாம், இரண்டு நிமிட வேலைதானே என்று விட்டேன்.

ஜெபசிங் வந்து எட்டிப் பார்த்தார். "ஏட்டி, துணிக்குப் போடுத கிளிப்பு ஒண்ணு எடுத்துத் தரட்டா? வயர அதுல கவ்வி வையேன்."

"ஷார்ட் ஆயிரும். நீங்க சும்மா இருங்க, இது டெக்னிக்கல் வேலை" என்றேன். (ஷார்ட் எதுவும் ஆகாது. பிளாஸ்டிக் கிளிப் அது. இன்சூரன்ஸ் ஆபீஸ்காரர் எனக்குச் சொல்லித்தருவதா என்ற திமிர்.)

சால்டரிங் அயர்ன் சூடானது. பழைய பேட்டரியின் இரண்டு காலையும் விடுவித்தேன். அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, சிவப்பு வயரை வலது கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் பேட்டரியைத் தூக்கி எடுத்தேன். இப்போது மாமாவின் விளை மொத்தமும் இரண்டு டார்ச் செல்லிலும் என் வலது ஆள்காட்டி விரலிலும் நிற்கிறது. மூச்சு விடாமல் புதுப் பேட்டரியை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். இனி இரண்டு சொட்டு ஈயம்தான் பாக்கி.

கரண்டு போயிற்று.

நேரம் ஆறே முக்கால். கணக்கில் இல்லாத கட். அயர்ன் ஆறிக்கொண்டே வந்தது. இன்வெர்ட்டர் வாங்குவோம் வாங்குவோம் என்று நாங்கள் பேசிக்கொண்டு மட்டும் இருந்த காலம் அது. நான் வயரை அழுத்தியபடி இருட்டில் உட்கார்ந்திருந்தேன். பயப்படவில்லை. எவ்வளவு நேரமானாலும் பிடித்துக்கொண்டிருப்பேன் என்று பெருமையாகக்கூட இருந்தது. மாமா மெழுகுவர்த்தியோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு மணி ஆயிற்று. மாமி பைபிளோடு வந்தார்கள்.

"கரண்டு வரட்டும்னு கர்த்தர் காத்திருப்பாரா? நீ எந்திரிக்காண்டாம் மக்கா, இருந்த எடத்துலயே இரு. நாங்க இஞ்ச வந்து இருக்கோம்."

அந்த வீட்டு ஜெபம் முன்னறையை விட்டு வேறு இடத்தில் நடந்து நான் பார்த்ததில்லை. எனக்காக எல்லாரும் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பாட்டு பாடினோம். மாமி ஒரு அதிகாரம் வாசித்தார்கள். பிறகு மாமா கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். (பேச்செல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சுதான் மாமாவுக்கு. ஜெபத்தில் மட்டும் புத்தகத் தமிழ் வரும்.) தம்மாம், பெங்களூர், போதகர், நாட்டை ஆளுகிறவர்கள், கால் ஒடிந்த கிழவர் எல்லாம் வரிசையாக வந்து போனார்கள். "எங்கள் பிள்ளைகள் யாவரையும்" வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"ஆண்டவரே, எங்கள் மருமகள் ஷீபாவை உம்முடைய சமுகத்தில் நிறுத்துகிறோம். நீர் இந்த வீட்டுக்குத் தந்த பிள்ளை. அவளுடைய வலது கரத்தை ஆசீர்வதியும்."

பதினோரு மாதம். தினமும் காது கொடுத்துக் கேட்டுக் கேட்டு ஏமாந்த பெயர். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. முட்டத்தில் அம்மா பக்கத்தில் முழங்காலில் நிற்கிற மாதிரியே இருந்தது. மேசை, வயர், பேட்டரி எதுவும் நினைவில் இல்லை. முழு மனசோடு, அந்த வீட்டில் முதல் தடவையாக முழு மனசோடு, "ஆமென்" என்றேன்.

வலது கை நெற்றிக்குப் போயிற்று.

உட்கார்ந்து அமுக்கிவைக்கிற கை அன்றைக்கு மேசை மேல் இருந்ததே! நெஞ்சுக்கு வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பாதியில் விட்டால் பாவம் என்று சின்ன வயசில் சொல்லிவைத்திருக்கிறார்களே, இடது தோளையும் வலது தோளையும் ஒழுங்காக முடித்துவிட்டுத்தான் கீழே பார்த்தேன். சிவப்பு வயர் துள்ளி விலகி, உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்தது.

எதிரில் மாமி கண்ணைத் திறந்து வைத்திருந்தார்கள். அவர்கள் பார்த்தது வயரை அல்ல.

வயரைத் திரும்பப் பிடித்து அழுத்தினேன். பிரயோஜனம் இல்லை என்று என் டிப்ளமோவுக்குத் தெரியும். ஒரு வேளை கொஞ்சம் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று என் வயிறு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் கரண்டு வந்தது. ஐந்தே நிமிடம்! மாமா ஒரே ஒரு கிழவருக்காகக் கூடுதலாக ஜெபித்திருந்தால் போதும், நான் தப்பியிருப்பேன். அயர்ன் சூடாகும்வரை வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியதுதான் மரியாதை. அந்த ஜெபத்தைக் கேட்ட பிறகு எனக்குத் தைரியம் வரவில்லை. ஈயம் வைத்து, மூடி, திருகாணி முறுக்கி, கேசட்டை மெஷினில் சொருகி மாமாவின் கையில் கொடுத்தேன்.

பாட்டுச் சத்தம் வந்தது. மாமாவின் முகம் மலர்ந்தது. பட்டனை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அணைத்துவிட்டுப் போட்டார்.

"ஷீபா, எனக்க விளையக் காணல்லியே. தோட்டத்துக்குப் பேரு வைக்கச் சொல்லுது."

"மாமா..."

"லில்லியயும் காணல்ல மக்கா."

"வயரு ஒரு செகண்ட் விலகிட்டு மாமா. என் கை..."

மாமி மெதுவாகச் சொன்னார்கள், "குருசு வரைஞ்சா பின்ன எப்படி நிக்கும்?"

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "குருசு வரைஞ்சதால போகல்ல மாமி. கைய எடுத்ததால போச்சு."

"கைய எதுக்கு எடுத்த?"

"குருசு வரைய."

"நானும் அதத்தானே சொன்னேன்" என்றார்கள் மாமி.

ஜெபசிங் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து முடியாமல், மேசையில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்த நேரத்தில் அவர் தலையில் அயர்னை வைக்காமல் விட்டதுதான் என் இல்லறத்தின் மிகப் பெரிய சாதனை. மாமா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெஷினை அணைத்து மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்க் கிழக்கு ஜன்னலைத் திறந்தார். மண்டபத்தில் ஏதோ ரிசப்ஷன், சீரியல் லைட் போட்டிருந்தார்கள். எட்டு வருஷமாக அவர் சாத்தியே வைத்திருந்த ஜன்னல் அது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டார்.

அடுத்த இரண்டு மாதம் அடுப்பங்கரை வேலை முடிந்ததும் நான் உட்கார்ந்து அந்தத் தோட்டத்தைத் திரும்பப் போட்டேன். VILA என்று பெயர் வைத்தேன். கல் பொறுக்கினேன், கொத்தினேன், விதைத்தேன். மாடு வாங்கி LILY என்று வைத்தேன். மாமாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். வரப்பு வரப்பாக நடந்து பார்த்தார்.

"கொள்ளாம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். "நல்லாப் போட்டிருக்க மக்கா. நீயே வச்சுக்க. ஒரு விளைய எத்தன தடவ குடுக்கதுக்கு எனக்கு வயசு இருக்கு?"

அதன் பிறகு அவர் தொடவில்லை. மெஷின் இப்போது ஷோகேசில் இருக்கிறது. என் சால்டரிங் மட்டும் அற்புதம். போன மாதம்கூட மீட்டர் வைத்துப் பார்த்தேன், மூன்று வோல்ட்டும் அப்படியே நிற்கிறது.

விஷயம் குடும்பம் முழுக்கப் பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. தம்மாமிலிருந்து போன் வந்தது. பெங்களூரிலிருந்து ஜாஸ்மின் கூப்பிட்டாள். "என்ன மைனி, அப்பாவுக்க விளைய நீயும் தொலைச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டு ஒரே சிரிப்பு.

"ஆமா. உங்க கல்யாணத்துக்கு ஒரு தடவ, எனக்க ஆமெனுக்கு ஒரு தடவ" என்றேன். அதன் பிறகு இரண்டு கிறிஸ்துமஸுக்கு அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் வருத்தப்படவும் இல்லை.

ஒரு நல்லது நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். குருசு வரையாதே என்று மாமி அதற்கப்புறம் சொன்னதில்லை. இனி போவதற்கு அந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். இப்போது நான் எல்லார் முன்னாலும் தாராளமாக வரைகிறேன். வலது கைக்கு விடுதலை.

ஜெபம் இன்றைக்கும் ஏழு மணிக்குத்தான். மாமாதான் பண்ணுகிறார். தம்மாம், பெங்களூர், போதகர், நாட்டை ஆளுகிறவர்கள், எங்கள் மகன் பிறந்த பிறகு அவன் பெயர், எல்லாம் வரும். கால் ஒடிந்த கிழவர் இறந்துபோனார், அவர் இடத்துக்கு வேறொரு கிழவர் வந்துவிட்டார். கடைசியில் "எங்கள் பிள்ளைகள் யாவரையும்" என்று வரும். அதோடு நிறுத்தி, மாமா ஒரு கண்ணை மட்டும் திறப்பார். எல்லாரும் அதற்காகவே காத்திருப்பார்கள். விருந்தாளிகள் இருந்தால் ஜெபசிங் அவர்களை முழங்கையால் இடித்துத் தயாராக வைத்திருப்பார்.

"ஷீபா, கையில ஒண்ணும் இல்லியே?"

முன்னறை முழுக்கச் சிரிப்பு வெடிக்கும். என் மகன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பான். நானும் சிரிப்பேன். ஏழு வருஷமாக அந்த ஜெபத்தில் என் பெயர் வருகிற இடம் அது ஒன்றுதான்.

"ஒண்ணும் இல்ல மாமா" என்பேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொல்வார்.